கூண்டு ஏற்றாமல் பூதத்தை விடாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதத்திலேயே ஒரு சண்டை தொடங்கி விடும். பெரியவன் கேம்ஸ் ஆட உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். சின்னவள் பின்னால் நின்று அழுவாள். இருப்பது ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். நான்கு பிள்ளைகள் எப்படிச் சேர்ந்து ஆடுவது? இந்தக் கேள்வியோடு வரும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். "கம்ப்யூட்டர் முன்னால் நீங்கள் உட்காருங்கள். பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வையுங்கள்" என்பேன்.

டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம் என்று ஒரு வகை விளையாட்டு இருக்கிறது. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு கேம் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் மரத்தின் மேல் ஏறிப் பார்க்கிறேன்" என்று வாயால் சொல்லி ஆடுவார்கள். ஜெயிப்பதா தோற்பதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டுவார்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது. இன்று நீங்கள் கம்ப்யூட்டரில் ஆடும் பல சாகச கேம்களுக்குத் தாத்தா இதுதான்.

இதை ஆடுவது சுலபம். நியாயமாக நடத்துவதுதான் கஷ்டம். அதிலும் பதுங்கி இருக்கும் பூதம் திடீரென்று பாயும் இடம் வந்தால் பல கேம் மாஸ்டர்கள் தப்பு செய்கிறோம். நானும் செய்தேன்.

என் தப்பு

ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஆட்டம். என் அக்கா மகன், அவனுடைய பள்ளித் தோழர்கள் இருவர், எதிர் வீட்டுப் பெண் என்று மொத்தம் நான்கு பேர். கதை நம்ம ஊர்க் கதைதான். ஒரு பழைய துறைமுகம், காணாமல் போன ஒரு படகு, அதில் இருந்த ஒரு பெட்டி. மணலுக்கு அடியில் வண்டி அளவு நண்டு உருவத்தில் ஒரு பூதம் பதுங்கி இருக்கும்படி வைத்திருந்தேன். அதை உருவாக்க இரண்டு இரவுகள் கண் விழித்தேன்.

துறைமுகத்துக்கு இரண்டு வழி. ஒன்று கடற்கரை, இன்னொன்று பனங்காடு. பிள்ளைகள் பத்து நிமிடம் தங்களுக்குள் வாதம் செய்தார்கள். மணலில் நடந்தால் காலடி தெரியும், திறந்த வெளியில் யாராவது பார்த்து விடுவார்கள் என்றெல்லாம் யோசித்து, பனங்காட்டு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். என் பூதமோ கடற்கரையில் இருந்தது. இரண்டு இரவு உழைப்பு வீணாகி விடுமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பூதத்தைத் தூக்கிப் பனங்காட்டில் வைத்து விட்டேன்.

ஒரு சத்தம் இல்லை, ஒரு தடயம் இல்லை. மண் பிளந்தது. பகடை உருண்டது. முன்னால் நடந்த எதிர் வீட்டுப் பெண்ணின் கதாபாத்திரம் ஒரு வார்த்தை சொல்லும் முன்பே செத்துப் போனது. மூன்று வாரமாக அவள் வளர்த்த பாத்திரம் அது. நோட்டில் படம்கூட வரைந்து வைத்திருந்தாள்.

அப்போது என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, நாங்க கடற்கரை வழியாப் போயிருந்தா பூதம் எங்க இருந்திருக்கும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வரவில்லை. அதைவிட எனக்கு உறுத்தியது, வந்த மூன்று பேர் ஆடிய விதம். எந்த வழியில் போவது என்று கேட்டால், "எதுவா இருந்தாலும் சரி மாமா, நீங்களே சொல்லுங்க" என்றார்கள். வாதம் இல்லை, யோசனை இல்லை. பகடையை மட்டும் உருட்டினார்கள். பூதத்தால் ஒரு பாத்திரம் செத்தது பெரிய விஷயமில்லை. கவனித்துப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை என்று நான்கு பிள்ளைகளுக்கும் நான் கற்றுக் கொடுத்து விட்டேன். அதுதான் நஷ்டம்.

அந்தப் பெண்ணின் அப்பத்தா பாம்பன் பக்கத்து மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். கீரை வாங்கும் இடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடலுக்குக் கோவம் வந்தாக்கூட முன்னாடியே மொகத்தச் சுளிக்கும் தம்பி. ஒங்க பூதம் அதக்கூடச் செய்யலையாமே!"

பாம்பன் கற்றுத்தரும் பாடம்

டிவி செய்தியில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். "பாம்பன் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையுமான உருவங்கள் தொங்கும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் எரியும். மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் ஆபத்து தொலைவில். 3, 4 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். 5, 6, 7 அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதைக்கூட இந்த மூன்று எண்களும் வேறுபடுத்திச் சொல்லும். 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்து விட்டது என்று பொருள். அதாவது, தகவல் வராததும் ஒரு தகவல்தான்!

கூண்டு ஏற்றியதால் புயல் பலவீனமாகி விடுவதில்லை. அது வரும்போது வரும். ஆனால் கரையில் நிற்பவர் வலையைச் சுருட்டலாம், படகை இழுத்துக் கட்டலாம், மேட்டுக்குப் போகலாம். கூண்டைப் பார்த்தும் ஒருவர் சும்மா இருந்தால் அது அவர் முடிவு.

பதுங்கித் தாக்கும் பூதத்துக்கும் இதே விதிதான் என்பது என் கருத்து. பாய்வதற்கு முன்னால் குறைந்தது மூன்று கூண்டாவது ஏற்றுங்கள். முதலாவது தொலைவில் இருக்கட்டும்: டீக்கடையில் ஒரு கிழவர், "பனங்காட்டுப் பக்கம் போன ஆடு ரெண்டு திரும்பல" என்று சொல்கிறார். இரண்டாவது அருகில்: வழியில் மண் புதிதாகக் கிளறிக் கிடக்கிறது. மூன்றாவது முகத்துக்கு நேரே: கூட வந்த நாய் நின்று விடுகிறது, அடி எடுத்து வைக்க மறுக்கிறது. இதுவரை கத்திக்கொண்டிருந்த பறவைகள் சட்டென்று அடங்கினால் அது 11-ம் எண் கூண்டு.

கடல் தாண்டிய கதையில் மூன்று சோதனை

இதெல்லாம் வெளிநாட்டு விளையாட்டு, நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். தெற்கே இலங்கையை நோக்கி அனுமன் கடலைத் தாண்டும் கதை இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு கேம் மாஸ்டரின் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

முதலில் கடலில் இருந்து மைநாக மலை எழுகிறது. அனுமன் அதைத் தடை என்று நினைக்கிறான். ஆனால் அது நட்பு மலை, தங்கி இளைப்பாறிப் போகச் சொல்கிறது. திடீரென்று எதிரில் வருவதெல்லாம் எதிரி இல்லை என்பது முதல் பாடம்.

அடுத்து சுரசை. அவள் ஒளியவே இல்லை. எதிரில் நின்று, என் வாய்க்குள் நுழைந்துதான் போக வேண்டும் என்று நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்கிறாள். அவன் வளர வளர அவளும் வாயைப் பெரிதாக்குகிறாள். சட்டென்று சிறு உருவம் எடுத்து உள்ளே போய் வெளியே வந்து விடுகிறான். விதியை மீறவில்லை, சண்டையும் இல்லை, புத்திதான் ஜெயித்தது.

மூன்றாவதுதான் உண்மையான பதுங்கித் தாக்குதல். வால்மீகி அவளை சிம்மிகை என்கிறார். கம்பர் அங்காரதாரை என்கிறார். கடலுக்குள் இருந்தபடியே, மேலே பறப்பவரின் நிழலைப் பிடித்து நிறுத்துகிற அரக்கி. ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதைவிட அநியாயமான பூதம் உண்டா என்று தோன்றும். ஆனால் கவனியுங்கள். வால்மீகியில், தென்திசைக்குக் கிளம்பும் வானரர்களிடம் சுக்ரீவன் முன்பே சொல்லி அனுப்புகிறான், தென்கடலில் நிழலைப் பிடித்து இரை தேடும் அரக்கி ஒருத்தி உண்டு என்று. இது 1-ம் எண் கூண்டு. பறக்கும்போது வேகம் குறைவது அனுமனுக்குத் தெரிகிறது. இது அருகில் ஏற்றிய கூண்டு. சுற்றிலும் பார்க்கிறான், கீழே பார்க்கிறான், சுக்ரீவன் சொன்னது ஞாபகம் வருகிறது. அப்புறம்தான் சண்டை.

முன்பே ஒரு சொல், அந்த நேரத்தில் ஒரு அறிகுறி, சுதாரிக்க ஒரு கணம். இந்த மூன்றும் இருந்ததால்தான் கேட்பவர்களுக்கு "அனுமன் கெட்டிக்காரன்" என்று தோன்றுகிறது. இவை இல்லாமல் அவன் தப்பி இருந்தால் "அதிர்ஷ்டக்காரன்" என்றுதான் சொல்லி இருப்போம்.

இதற்கு நேர் எதிராக, மறைந்து நின்று வாலி மேல் விட்ட அம்பு சரியா என்று பட்டிமன்றங்களில் நம்மவர்கள் வாதாடுகிறார்கள். கம்பராமாயணத்தில் வாலியே கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். சொல்லாமல் வந்த அடியை அடிபட்டவன் மட்டுமல்ல, கேட்பவனும் எளிதில் மறப்பதில்லை.

விதிகளே மாறி விட்டன

இந்த விளையாட்டை உருவாக்கியவர்களும் ஐம்பது ஆண்டுகளாக இதே பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். 1974-ன் விதிப்படி ஆறு பக்கப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் நீங்கள் திகைத்துப் போனதாகக் கணக்கு. எதிரி முதலில் அடிப்பான். அதாவது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, நீங்கள் கவனமாக இருந்தாலும் சரி, தூங்கினாலும் சரி. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் பதுங்குபவரின் திறமையையும் எதிராளியின் கவனிப்பு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை இருந்தது. ஆனால் திகைத்தவர் தன் முதல் முறையை முழுதாக இழந்து சும்மா உட்கார வேண்டும். 2024-ல் திருத்திய விதிகளில் அதுவும் போய் விட்டது. திகைத்தவர், யார் முதலில் ஆடுவது என்பதற்கான பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். அவருக்கும் ஆட ஒரு முறை நிச்சயம் உண்டு.

கம்ப்யூட்டர் கேம்களிலும் இதைப் பார்க்கலாம். 1993-ல் வெளியான டூம் கேமில், துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அரக்கர்கள் விழித்துக்கொண்டு ஓடி வருவார்கள். ஆனால் லெவல் அமைப்பவர் ஓர் அரக்கனுக்கு ஆம்புஷ் என்ற குறியை வைத்து விட்டால், அது சத்தத்துக்கு அசையாது. உங்களை நேரில் பார்த்த பிறகுதான் கிளம்பும். 2011-ல் வந்த டார்க் சோல்ஸ் கேமில் புதையல் பெட்டி வேடத்தில் மிமிக் என்ற பூதம் உட்கார்ந்திருக்கும். திறந்தால் விழுங்கி விடும். ஆனால் பெட்டியின் பக்கத்தில் தொங்கும் சங்கிலியை உற்றுப் பார்த்தால் சாதாரணப் பெட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். அந்தச் சங்கிலிதான் கூண்டு. முதல் முறை ஏமாந்தவர் இரண்டாம் முறை ஏமாறுவதில்லை. கேம் மேல் கோபப்படுவதும் இல்லை.

கம்ப்யூட்டரை என்ன செய்வது?

கேம் மாஸ்டரின் நேர்மைக்குச் சாட்சியாக உங்கள் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளலாம். இரண்டு சின்ன வழிகள் சொல்கிறேன். இதற்கென்று எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

முதலாவது நோட்பேட். ஆட்டம் தொடங்கும் முன் நோட்பேடைத் திறந்து எஃப் 5 கீயை அழுத்துங்கள். அன்றைய தேதியும் நேரமும் தானாக வந்து விழும். அதற்குக் கீழே மூன்று விஷயங்களை டைப் செய்யுங்கள். பூதம் எங்கே இருக்கிறது? அதற்கு முன் என்னென்ன அறிகுறிகள்? தப்பிக்க என்ன வழி? பைலை சேவ் செய்து மூடி விடுங்கள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் எதிரில் திறந்து காட்டுங்கள். நடுவில் பூதத்தை இடம் மாற்ற உங்களுக்குக் கை அரித்தால் இந்த பைல் நினைவுக்கு வரும். பூதம் கடற்கரையில் என்று எழுதி, பிள்ளைகள் பனங்காட்டு வழியில் போனால், பூதம் கடற்கரையிலேயே பட்டினி கிடக்கட்டும். இன்னொரு நாள் உதவும்.

இரண்டாவது எக்செல். கேம் மாஸ்டர் ரகசியமாகப் பகடை உருட்டும் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் உஷாராகி விடுவார்கள். எனவே எண்களை முன்பே தயார் செய்து கொள்ளுங்கள். பார்முலாஸ் டேபில் மேத் அண்ட் ட்ரிக் பட்டியலைத் திறந்தால் ராண்ட்பிட்வீன் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கும். அதை கிளிக் செய்ததும் பாட்டம், டாப் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். 1, 20 என்று கொடுத்து ஓகே தட்டுங்கள். இருபது பக்கப் பகடை தயார். அந்த செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் இருபது, முப்பது எண்கள் வரும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஷீட்டில் நீங்கள் எதை டைப் செய்தாலும் இந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அவற்றை செலக்ட் செய்து காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷல் சென்று வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே இடத்தில் ஒட்டி விடுங்கள். இனி மாறாது. பிரிண்ட் எடுத்து, மேலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். பிடித்த எண்ணைப் பொறுக்கி எடுக்கக் கூடாது!

அப்புறம் த்ரில் எங்கே?

"முன்பே சொல்லி விட்டால் அது எப்படிப் பதுங்கித் தாக்குதல் ஆகும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. நான் சொல்லச் சொல்வது அறிகுறியை, விடையை அல்ல. நாய் நிற்கிறது என்று சொல்லுங்கள். ஏன் நிற்கிறது என்று சொல்லாதீர்கள். ஆடு புலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, எல்லாம் கண்ணெதிரே. புலி எங்கே தாவ முடியும் என்று கோட்டிலேயே தெரிகிறது. அப்படியும் ஆடு வெட்டுப்படும்போது "அட!" என்கிறோமே, எதிரே இருந்ததைக் கவனிக்காமல் விட்டோமே என்ற அந்த "அட"தான் நல்ல த்ரில்.

இன்னொருவர் எதிர்ப்பக்கமாகக் கேட்டார். "குழந்தைகள்தானே, பாத்திரம் சாகிற மாதிரி பகடை விழுந்தால் மாற்றிச் சொல்லி விட்டால் என்ன?" இதற்கும் நான் உடன்பட மாட்டேன். மூன்று கூண்டு ஏற்றியும் அவர்கள் கவனிக்காமல் போனால் விழுந்தது விழுந்ததுதான். இரக்கத்தைக் கூண்டு ஏற்றும்போது காட்டுங்கள். தெளிவாகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் இன்னொரு முறை சொல்லுங்கள். பகடை விழுந்த பிறகு காட்டினால், அதுவும் கவனத்துக்கு மதிப்பில்லை என்ற அதே பாடத்தைத்தான் கற்றுத்தரும்.

ஒன்றை மட்டும் நான் விட்டு விட்டேன். என் கதையின் பழைய துறைமுகத்துக்கு முதலில் தனுஷ்கோடியின் இடிபாடுகளைத்தான் மனதில் வைத்திருந்தேன். 1964 டிசம்பர் 22 இரவு அங்கே கடல் உண்மையிலேயே ரயிலோடு மனிதர்களைக் கொண்டு போனது. அந்த இரவை இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அதைப் பூதம் விளையாடும் இடமாக்க எனக்கு இப்போது மனம் இல்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். அதைத் தவிர்த்து விட்டு வேறு ஒரு துறைமுகத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள்.

நாய் ஏன் வரவில்லை?

எதிர் வீட்டுப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பூதத்தை இடம் மாற்றியதையும் ஒப்புக்கொண்டேன். புதுப் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு பதுங்கல் வைத்தேன். இந்த முறை நோட்பேடில் எழுதி வைத்து விட்டேன். டீக்கடைக் கிழவர் சொன்னதைப் பையன்கள் கேட்டுச் சிரித்து விட்டுப் போய் விட்டார்கள். கிளறிய மண்ணையும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவதாக நாய் நின்றது என்றேன். பகடையை எடுத்துக் கொண்டிருந்த பையனின் கையை அவள் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. மாமா, நாய் ஏன் வரல?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த விளையாட்டையே நடத்துகிறோம் என்று எனக்கு அன்று புரிந்தது. நால்வரும் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு கல்லை எறிந்தார்கள். பூதம் வெளியே வந்தது. ஓர் ஆள்கூடச் சாகவில்லை. ஆட்டம் முடிந்து பைலைத் திறந்து காட்டியபோது, தேதியையும் நேரத்தையும் என் அக்கா மகன்தான் முதலில் சரி பார்த்தான்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கு இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? நாளைக்கே உங்களுக்கு ஒரு மெயில் வரலாம். "உங்கள் வங்கிக் கணக்கு முடங்கப் போகிறது, உடனே இந்த லிங்க்கை கிளிக் செய்யுங்கள்" என்று இருக்கும். அங்கே பதுங்கி இருப்பவன் உங்களுக்காகக் கூண்டு ஏற்ற மாட்டான். ஆனாலும் அறிகுறிகள் இருக்கும். அனுப்பியவரின் முகவரியில் ஓர் எழுத்து மாறி இருக்கும். அவசரப்படுத்துவார்கள். ஓடிபி எண்ணைக் கேட்பார்கள். "இரு, நாய் ஏன் வரல?" என்று கேட்டுப் பழகிய பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், உங்கள் விரல் மவுஸை அழுத்தும் முன் அது கையைப் பிடித்து நிறுத்தும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பாருங்கள். பூதத்தை எவ்வளவு பயங்கரமாக வேண்டுமானாலும் செய்து கொள்ளுங்கள். கூண்டை மட்டும் முதலில் ஏற்றி விடுங்கள்.